ஊன்றுகோலும் உறையுளும்: தமிழகத்தில் முதியோர் பேணல் பற்றிய ஒரு வரலாற்று ஆய்வு

முதுமையும் பிணியும் உடற்குறையும் உற்றோர்க்குத் துணைசெய்தல் அறங்களுள் தலையாயது என்பதில் நூலோர் எவரும் வேறுபட்டாரல்லர். ஆயினும், அத்துணை எவ்விடத்தே வந்து அவரை எய்துகின்றது என்னும் வினா நம் வரலாற்று ஆராய்ச்சியில் பெரிதும் எழுப்பப்படுவதில்லை. துணை வேண்டுவார் தம் இல்லத்தையும் ஊரையும் விட்டுத் துணை இருக்குமிடத்திற்குச் செல்லுதல் ஒரு முறை. துணையே அவர் வாழும் இடத்தை நாடி வருதல் மற்றொரு முறை. முன்னதனை உறையுள் அறம் என்றும், பின்னதனை ஊன்றுகோல் அறம் என்றும் இக்கட்டுரையில் வழங்குவாம். உறையுள் தன்பால் வந்தாரைத் தாங்கும். ஊன்றுகோலோ, அதனைப் பற்றியவர் செல்ல விரும்பும் இடமெல்லாம் உடன்செல்லும், நடப்பவர் அவரே.

2011-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி, இந்தியாவில் 60 அகவையும் அதற்கு மேலும் உடையோர் நூற்றுக்கு 8.6 விழுக்காட்டினர், தமிழ்நாட்டிலோ 10.4 விழுக்காட்டினர். இவ்வேறுபாடு எதிர்வரும் காலத்தில் இன்னும் மிகுமென்பது உறுதி. ஆதலின், இவ்விரு முறைகளும் நம் நாட்டில் எவ்வெக்காலத்து எவ்வாறு இயங்கின என்பதை இலக்கியம், கல்வெட்டு, சட்டம் ஆகிய மூவகைச் சான்றுகொண்டு காண்டல் பயனுடைத்து. ‘பண்டைத் தமிழகத்தில் குடும்பமே முதியோரைத் தாங்கியது, ஆகவே பிறிதொரு துணை வேண்டப்படவில்லை’ என்று பலரும் கூறும் கருத்து எவ்வளவிற்குப் பொருந்தும் என்பதும் இதனால் விளங்கும்.

1. சங்கச் சான்றோர் கண்ட முதுமை

புறநானூற்றுப் புலவருள் ஒருவர் தொடித்தலை விழுத்தண்டினார் எனப் பெயர் பெற்றுள்ளார். இயற்பெயர் மறைந்து, தம் பாட்டில் அவர் ஆண்ட தொடரே பெயராய் நின்றது. பூண் கட்டிய தலையினையுடைய பெரிய கோல் என்பது அத்தொடரின் பொருள். இளமையில் மடுவிற் பாய்ந்து மணல் கொணர்ந்து காட்டிய தம் செருக்கினை நினைந்து, இன்று கோலூன்றி, நடுங்கி, இருமலுக்கிடையே சில சொற்களே பேசும் நிலை எய்தினமைக்கு அவர் இரங்குகின்றார். இரங்கினும், அவர் எவர் கையிலும் ஒப்படைக்கப்பட்டவராகக் காணப்படவில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது. கோல் அவர் கையில் உள்ளது. நினைவும் சொல்லும் அவருடையனவே.

இதனினும் சிறந்த சான்று பிசிராந்தையார் பாட்டாகும். ஆண்டு பல சென்றும் நரை தோன்றாமைக்குக் காரணம் வினவினார்க்கு அப்புலவர் விடை கூறுங்கால், மருந்தையோ உணவையோ சுட்டினாரல்லர். தம்மைச் சூழ்ந்திருந்த மாந்தரையே சுட்டினார். மாட்சிமையுடைய மனைவியும் அறிவு நிரம்பிய மக்களும் முதலாவது. தாம் கருதியதையே தாமும் கருதும் இளையர், அஃதாவது ஏவல் செய்வார், இரண்டாவது. அல்லவை செய்யாது காக்கும் வேந்தன் மூன்றாவது. தாம் வாழும் ஊரில் உள்ள அடங்கிய கொள்கைச் சான்றோர் பலர் நான்காவது. முதுமையைத் தாங்கும் தூண்கள் நான்கென இப்பாட்டால் அறியக் கிடக்கின்றது. அவை இல்லம், ஏவலர், அரசு, ஊர் என்பன. இந்நான்கும் புலவரை அவர் இருந்த இடத்திலேயே தாங்கின. எனவே, குடும்பம் ஒன்றே முதியோர்க்குத் துணையாயிற்று என்னும் கருத்தினைச் சங்கப் பாட்டே மறுக்கின்றது எனலாம்.

இந்நான்கனுள் இரண்டாவதாகிய இளையரைப் பற்றிப் புலவர் கூறிய அடைமொழி ஆழ்ந்த பொருளுடையது. ஏவல் செய்வார் கருத்துக்கு முதியவர் இணங்கி நடத்தல் வேறு. முதியவர் கருத்துக்கு ஏவல் செய்வார் இணங்கி நடத்தல் வேறு. பின்னதே புலவர் கூறியது. பிறர் உதவி பெறினும் தன்னுரிமை இழவாது வாழ்தல் என்று இக்காலத்தார் கூறும் கோட்பாட்டின் கரு இதுவேயாம்.

ஆயினும், இந்நான்கு தூண்களும் எல்லார்க்கும் வாய்த்தன என்று கொள்ளுதல் தவறு. கொக்கின் இறகுபோல் நரைத்த கூந்தலையுடைய மூதாட்டியொருத்தி, தன் மகன் களிற்றை வென்று போர்க்களத்தே பட்டமை கேட்டு, அவனை ஈன்ற நாளினும் பெரிதும் உவந்தாள் என்று மற்றொரு புறப்பாட்டுக் கூறுகின்றது. அவள் உவகையைப் பாட்டுப் போற்றுகின்றது. மறுநாள் அவளுக்கு நீர் முகந்து தருவார் யார் என்பதைப் பாட்டுக் கூறவில்லை.

2. அம்பலமும் ஓடும்

பாட்டுக் கூறாது விட்ட அவ்வினாவிற்கு மணிமேகலை முகங்கொடுக்கின்றது. ஆபுத்திரன் மதுரையில் சிந்தாதேவி கோயில் அம்பலத்தே தங்கி, ஐயமேற்றுக் கொணர்ந்த உணவினைக் கண்ணிலார், செவியிலார், காலிலார், பிணியுற்றார் ஆகியோரை அழைத்து ஊட்டி, எஞ்சியதைத் தான் உண்டு, ஐயமேற்ற ஓட்டினையே தலைக்கு அணையாக வைத்துத் துயின்றான் எனச் சாத்தனார் கூறுகின்றார். அவ்வரிசையில் பேணுவார் இல்லாதோரும் ஒரு தனி வகையினராக எண்ணப்பட்டுள்ளமை பெரிதும் கருதத்தக்கது. கண்ணின்மை, காலின்மைபோலப் பேணுவாரின்மையும் ஒரு குறையென எண்ணும் அளவிற்கு அத்தகையோர் அக்காலச் சமுதாயத்தில் இருந்தனர் என்பது இதனாற் பெறப்படும். கூட்டுக் குடும்பம் சிதைந்தமையால் இக்காலத்தே புதிதாகத் தோன்றிய குறை இஃது என்பார் கூற்று இதனால் வலியிழக்கின்றது.

மணிமேகலையும் அமுதசுரபியைப் பெற்றபின், புகார் நகரத்து உலகவறவி என்னும் அம்பலத்தையே தன் அறத்திற்கு இடமாகக் கொண்டாள். பின்னர், அவள் வேண்டுகோளால் சிறைக்கோட்டம் அறக்கோட்டமாயிற்று. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கிய செயல் உயர்ந்ததே. எனினும், அறம் ஒரு கோட்டத்துள், அஃதாவது மதில் சூழ்ந்த ஓரிடத்துள், அமைந்தது என்பதையும் நாம் மறத்தலாகாது. அம்பலத்திற்கு வர இயன்றவர் உண்டனர். தம் குடிலைவிட்டு எழ இயலாதார் நிலை காப்பியத்தில் விரித்துரைக்கப்படவில்லை. உறையுள் அறத்தின் பெருமையும் எல்லையும் இக்காப்பியத்தில் ஒருங்கே விளங்குகின்றன.

3. கல்வெட்டுக்களிற் காணும் அறம்

சோழர் காலத்தில் உறையுள் அறம் சாலை என்னும் அமைப்பாக வளர்ந்தது. தஞ்சையில் இருந்த சுந்தரசோழ விண்ணகர் ஆதுலர்சாலைக்கு முதல் இராசராசனின் தமக்கையார் குந்தவையார் நிலம் அளித்துள்ளார். ஆதுலர் என்பார் பிணியாளரும் வறியவருமாவர். வீரராசேந்திரன் காலத்தில், ஏறத்தாழக் கி. பி. 1069-இல், பொறிக்கப்பெற்ற திருமுக்கூடல் கல்வெட்டு இத்தகைய சாலையின் உள்ளமைப்பை விரிவாக உணர்த்துகின்றது. அங்கு வீரசோழன் என்னும் பெயருடைய ஆதுலர்சாலையில் 15 படுக்கைகள் இருந்தன. மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மருந்துச் செடிகளும் விறகும் கொணர்வார் இருவர், பிணியாளரைப் பேணும் பெண்டிர் இருவர், நாவிதர் ஒருவர் ஆகியோர் பணிபுரிந்தனர். ஒவ்வொருவர்க்கும் ஊதியம் வரையறுக்கப்பட்டிருந்தது. ஆயின், இச்சாலை கோயிலைச் சார்ந்த கல்லூரி மாணவர்க்கும் கோயிற் பணியாளர்க்குமே உரியதாய் இருந்தமையின், ஊரிலுள்ள முதியோர் அனைவர்க்கும் இதனால் துணை கிடைத்ததெனக் கூற இயலாது.

ஊன்றுகோல் அறத்திற்கும் கல்வெட்டுக்களிற் சான்று இல்லாமலில்லை. போரில் பட்டார்தம் குடும்பத்தார்க்கு அளிக்கப்பெற்ற நிலம் உதிரப்பட்டி, நெய்த்தோர்பட்டி என்னும் பெயர்களால் வழங்கிற்று. மேலே கூறிய மூதாட்டி போன்றார் தம் ஊரிலிருந்தே தம் நிலத்தின் விளைவுகொண்டு வாழ்தற்கு இஃது உதவியிருத்தல் கூடும். இங்குக் கொடை, பெறுவாரை இடம்பெயரச் செய்யவில்லை. இருந்த இடத்திலேயே அவர்க்கு நிலைபேறு தந்தது.

இவ்விடத்துக் கல்வெட்டு வழக்கொன்றனை நினைவுகூர்தல் தகும். கோயிலில் நுந்தா விளக்கெரிக்க அளிக்கப்பெற்ற ஆடுகள் ‘சாவா மூவாப் பேராடு’ எனப்பட்டன. ஒரு விளக்கிற்கு 96 ஆடுகள் என்பது பல கல்வெட்டுக்களிற் காணப்படும் அளவு. ஆடுகள் சாவாமலும் மூவாமலும் இருத்தல் எங்ஙனம்? மூத்தும் இறந்தும் குறைவனவற்றைப் பிறப்பனவற்றால் நிரப்பி, எண்ணிக்கை குறையாமற் காப்பது பொறுப்பேற்ற இடையர் கடனாயிற்று. அதனால் நெய்யளவு ஆண்டுதோறும் குன்றாது நின்றது. அறத்தின் பயன் காலத்தால் தேயலாகாது என்னும் தெளிவு நம் முன்னோர்க்கு இருந்தது. விளக்கிற்கு அவர் செய்த இவ்வேற்பாட்டினை மூத்த மாந்தர்க்கு நாம் செய்தோமா என்பதே இனி ஆராயத்தக்கது.

4. கஞ்சித்தொட்டி முதல் ஓய்வூதியம் வரை

பிற்காலத்தில் சத்திரங்கள் வழிச்செல்வார்க்கும் வறியார்க்கும் உணவளித்தன. சென்னையில் 1782-ஆம் ஆண்டளவில் பஞ்சத்தால் நலிந்தோர்க்குக் கஞ்சி வார்க்கும் இடமாகத் தோன்றியதே மணியக்காரர் சத்திரம். மக்கள் அதனைக் கஞ்சித்தொட்டி என்றனர். அது நாளடைவில் பிணியாளர் விடுதியாகவும் ஆதரவற்ற முதியோர் உறையுளாகவும் வளர்ந்தது. ஸ்டான்லி மருத்துவமனை அதன் வழித்தோன்றலேயாம். மணிமேகலையின் அம்பலம், சோழரின் சாலை, கம்பெனியார் காலத்துக் கஞ்சித்தொட்டி ஆகிய மூன்றும் ஆட்சியால் வேறுபடினும், வந்தார்க்கு உதவுதல் என்னும் முறையால் ஒன்றேயாதல் காண்க.

இந்நெடிய மரபில் ஒரு திருப்பம் 1962-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. காமராசர் முதலமைச்சராய் இருந்த அவ்வாண்டில் சென்னை மாநில அரசு ஆதரவற்ற முதியோர்க்குத் திங்கள்தோறும் 20 ரூபாய் ஓய்வூதியம் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. உத்தரப்பிரதேசம் 1957-இலும் கேரளம் 1960-இலும் இத்தகைய திட்டங்களை மேற்கொண்டிருந்தன. தமிழகத்தில் இதன் வழியே உடற்குறையுற்றோர்க்கு 1974-இலும், ஆதரவற்ற கைம்பெண்டிர்க்கு 1975-இலும், உழவுத் தொழிலாளர்க்கு 1981-இலும், கணவனாற் கைவிடப்பட்ட மகளிர்க்கு 1986-இலும் ஓய்வூதியங்கள் ஏற்பட்டன.

இத்தொகை சிறிதே. ஆயினும், அது வந்த முறை பெரிது. அஞ்சற்காரர் பணவிடையாக அதனைக் கொண்டுவந்து முதியவர் கையிற் கொடுத்தார். கோயிலும் அம்பலமும் செய்யாததை அஞ்சல் செய்தது. அறம் வாயிலுக்கு வந்தது. பெற்ற காசினைக்கொண்டு அரிசி வாங்குவதோ மருந்து வாங்குவதோ பேரனுக்குத் தின்பண்டம் வாங்குவதோ முதியவர் விருப்பமாயிற்று. பிற்காலத்தே வங்கி வழியாக வழங்கும் முறை வந்தபோது நடுவிற் கைக்கொள்வார் தொல்லை குறைந்தது. எனினும், நடக்க இயலாதாரை மீண்டும் நடக்கச் செய்யும் நிலையும், உழைத்துத் தேய்ந்த விரல்களின் ரேகை பொறியிற் பதியாத இடர்ப்பாடும் உடன்வந்தன.

1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் விரிவாக்கம்பெற்ற சத்துணவுத் திட்டம், 1983-இல் ஓய்வூதியம் பெறும் முதியோர்க்கும் நீட்டிக்கப்பட்டது. குழந்தைகள் உண்ணும் இடத்தே முதியோரும் உண்டனர். ஊரின் நடுவே, நடந்து செல்லும் தொலைவில் அமைந்தமையின், இதனை உறையுளுக்கும் ஊன்றுகோலுக்கும் இடைப்பட்ட முறை எனலாம்.

நடுவணரசு 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 15-ஆம் நாள் தேசிய சமூக உதவித் திட்டத்தைத் தொடங்கி, 65 அகவை நிரம்பிய வறியோர்க்குத் திங்களுக்கு 75 ரூபாய் அளித்தது. 2006-இல் இது 200 ரூபாயாயிற்று. 2011-இல் அகவை வரம்பு 60 ஆகக் குறைக்கப்பட்டு, 80 அகவை நிரம்பினார்க்கு 500 ரூபாய் என வகுக்கப்பட்டது. 60 முதல் 79 வரையுள்ள அகவையினர்க்குரிய நடுவணரசின் பங்கோ பதினைந்தாண்டுக்கு மேலாக 200 ரூபாய் அளவிலேயே நின்றது. தமிழக அரசு தன் பங்கினைக் கூட்டியமையால் இம்மாநிலத்தில் மொத்தத்தொகை 2011-இல் 1,000 ரூபாயாகவும் 2023-இல் 1,200 ரூபாயாகவும் உயர்ந்தது. விலையேற்றத்தோடு தானே உயரும் ஏற்பாடு ஒன்று இல்லாவிடத்துக் காசாக வரையறுத்த அறம் ஆண்டுதோறும் தேய்தல் இயல்பு. சாவா மூவாப் பேராட்டின் கணக்கு இங்கே கைவிடப்பட்டது என்று கூறுதல் மிகையாகாது.

5. சட்டம் கூறுவதும் கூறாததும்

2007-ஆம் ஆண்டில் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் நிறைவேறியது. தம்மைத் தாமே பேண இயலாத பெற்றோர், மக்கள்பால் திங்களுக்கு 10,000 ரூபாய்க்கு மிகாமல் பராமரிப்புத் தொகை பெறத் தீர்ப்பாயத்தை நாடலாம் என்று அஃது விதித்தது. பேணுதல் என்னும் நிபந்தனையோடு சொத்தினைப் பெற்றவர் பேணாதுவிடின், அக்கொடை செல்லாததாக அறிவிக்கப்படலாம். முதியவரைக் கைவிடுவார்க்கு மூன்று திங்கள்வரை சிறையோ, 5,000 ரூபாய்வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். மாவட்டந்தோறும் 150 பேருக்குக் குறையாமல் தங்கக்கூடிய முதியோர் இல்லம் ஒன்றேனும் அமைத்தல் பற்றியும் இச்சட்டம் பேசுகின்றது.

இச்சட்டத்தைப் பிசிராந்தையாரின் நான்கு தூண்களோடு வைத்து நோக்குவாம். மக்கள் கடமை கூறப்பட்டது, அரசின் காவல் கூறப்பட்டது, உறையுள் கூறப்பட்டது. முதியவர் தம் வீட்டிலேயே வாழ்தற்கு நாள்தோறும் துணைசெய்யும் ஏவலர் பற்றி மட்டும் உருப்படியான ஏற்பாடு இல்லை. நீராட்டவும் உணவு சமைக்கவும் மருந்து ஊட்டவும் மருத்துவர்பால் அழைத்துச் செல்லவும் ஒருவர் வேண்டும் என்னும் எளிய உண்மைக்குச் சட்டத்தில் இடமில்லாமற் போயிற்று. இல்லத்துப் பேணுதற் பணியையும் உட்கொண்ட திருத்த முன்வரைவு 2019 டிசம்பரில் மக்களவையிற் கொணரப்பட்டது. அது நிறைவேறாமலே அவ்வவையின் காலம் முடிந்தது.

உடற்குறையுற்றோர் பற்றிய சட்டம் இதனின் வேறுபட்டது. 2006-இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற உடன்படிக்கையின் 19-ஆம் உறுப்பு, அவர்கள் எங்கே யாருடன் வாழ்வது என்பதைத் தாமே தெரிந்துகொள்ளும் உரிமையை வலியுறுத்தியது. இந்தியா அதனை 2007-இல் ஏற்று, 2016-இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை இயற்றியது. அதன் 5-ஆம் பிரிவு, குறிப்பிட்டதோர் இடத்தில்தான் வாழவேண்டும் என அவர்களைக் கட்டாயப்படுத்தலாகாது என்றும், இல்லத்திலும் ஊரிலும் துணைப்பணிகள் கிடைத்தற்கு அரசு முயலவேண்டும் என்றும் கூறுகின்றது. ஒரே நாட்டில், ஒன்பதாண்டு இடைவெளியில் எழுந்த இரு சட்டங்களுள் முன்னது உறையுளையும், பின்னது ஊன்றுகோலையும் நோக்கிச் சென்றமை வியப்பிற்குரியது. முதுமையால் கால் தளர்ந்தவர்க்கும் பிணியால் கால் தளர்ந்தவர்க்கும் வேண்டும் துணை ஒன்றே. சட்டத்தின் சொல்மட்டும் இரண்டாயிற்று.

6. இல்லத்தை நாடிச்சென்ற துணை

அண்மைக்கால வரலாற்றில் ஊன்றுகோல் அறம் மருத்துவத்துறை வாயிலாகவே மிகுதியும் வளர்ந்துள்ளது. கேரளத்துக் கோழிக்கோட்டில் 1993-இல் தொடங்கப்பெற்ற நோவுதணிப்பு மருத்துவமனையின் வழியே, ஊரார் தாமே பயிற்சிபெற்று, படுக்கையிலுள்ளாரை அவர்தம் வீட்டிற் சென்று பேணும் அமைப்புப் பரவிற்று. 2008-இல் கேரள அரசு இதனைக் கொள்கையாக ஏற்று, உள்ளாட்சி மன்றங்களைப் பொறுப்பாக்கியது. ஊர் என்னும் நான்காம் தூண் இங்கே புத்துயிர் பெற்றது.

தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டம் 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 5-ஆம் நாள் கிருட்டிணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்றது. குருதியழுத்தமும் நீரிழிவும் உடையோர்க்கு மகளிர் நலத் தன்னார்வலர் வீட்டிற்கே மருந்து கொணர்தலும், இயன்முறை மருத்துவமும் நோவுதணிப்பும் வீட்டில் அளித்தலும் இதன் கூறுகள். 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், 70 அகவைக்கு மேற்பட்டார்க்கும் மாற்றுத்திறனாளிகட்கும் பங்கீட்டுக் கடைப் பொருள்களை வீட்டிற்கே கொண்டு சேர்க்கும் திட்டம் தாயுமானவர் என்னும் பெயரால் தொடங்கிற்று.

இப்பெயர் பொருத்தமுடையது. காவிரியிற் பெருகிய வெள்ளத்தால் தாய் வர இயலாதபோது, சிராப்பள்ளி இறைவன் தாயாய் வந்து, கருவுயிர்க்கும் மகளின் வீட்டிலேயே இருந்து பேணினான் என்பது தலவரலாறு. அவளைக் கோயிலுக்கு வருக என்று அவன் அழைக்கவில்லை. வெள்ளம் வடிந்து உண்மைத்தாய் வருமளவும் உடனிருந்தான். நம் மரபில் ஊன்றுகோல் அறத்திற்கு இதனினும் சிறந்த உருவகம் காண்டல் அரிது. வேண்டிய பொருளை வாயிலில் வைத்து மீளுதலோடு அவன் பணி முடியவில்லை என்பதும் இதன்கண் அடங்கிய பொருளாம்.

7. முடிபு

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் பின்வருவன பெறப்படும். பேணுவாரற்ற முதியோர் பண்டும் இருந்தனர். குடும்பம் ஒன்றே எக்காலத்தும் போதிய துணையாயிற்று என்பதற்குச் சான்றில்லை. அம்பலம், சாலை, சத்திரம் என்னும் உறையுள் அறமே நம் நாட்டில் நிறுவனமாக நிலைபெற்றது. ஊன்றுகோல் அறம் உதிரப்பட்டியில் ஒருவாறு தோன்றி, 1962-இல் அஞ்சல்வழி ஓய்வூதியமாக மீண்டு, 2021-க்குப்பின் மருந்தும் உணவுப் பொருளும் வீடுதேடி வரும் நிலையை எய்தியுள்ளது.

உறையுள் வேண்டாததன்று. ஒருவருமில்லாதார்க்கும் ஓயாத மருத்துவம் வேண்டுவார்க்கும் அது புகலிடமாகும். ஆயின், தம் வீட்டில் வாழ விரும்பும் ஒருவர், நாளுக்கு ஒருமுறை ஒருவர் வந்து உதவாமையால் மட்டுமே அதனைவிட்டு நீங்க நேரின், அஃது அவர் தெரிந்துகொண்ட வாழ்வாகாது.

பணம் வருகின்றது, மருந்து வருகின்றது, அரிசி வருகின்றது. ஆள் இன்னும் முறையாக வரவில்லை. திருமுக்கூடற் கல்வெட்டு, பிணியாளரைப் பேணிய இரு பெண்டிர்க்கும் ஊதியம் வரையறுத்துக் கல்லிற் பொறித்தது. ஏறத்தாழத் தொள்ளாயிரத்து ஐம்பது ஆண்டுகட்குப் பின்னும், வீட்டிற் சென்று முதியோரைப் பேணும் மகளிர்க்குப் பயிற்சியும் நிலையான ஊதியமும் மதிப்பும் வரையறுத்தல் நம்முன் உள்ள கடனாகவே நிற்கின்றது. அங்ஙனம் வரையறுக்கும்போது, ஏவலர் முதியவர் கருதியதையே கருதுவோராதல் வேண்டும் என்னும் பிசிராந்தையார் அளவுகோல் கைக்கொள்ளப்படுமாயின், நான்கு தூண்களும் நிறைவுறும். இத்துறையில் ஊர்தோறும் உள்ள சத்திரக் கல்வெட்டுக்களையும் அறக்கட்டளை ஆவணங்களையும் தொகுத்து ஆராய்தல், மேலும் ஆய்வு செய்வார்க்குரிய பணியாகும்.